கல்லுக்கு உயிர் இருந்த கடல்

ஹேவ்லாக் தீவில் கடற்கரைகளுக்கு எண்தான் பெயர். கப்பல் அணையும் ஜெட்டி ஒன்றாம் நம்பர், கோவிந்தநகர் மூன்று, விஜயநகர் ஐந்து, மேற்குப் பார்த்து நீண்டு கிடக்கும் ராதாநகர் ஏழு. ஆட்டோக்காரரிடம் "சாத் நம்பர்" என்று சொன்னால் போதும், மறுபேச்சில்லாமல் வண்டியைத் திருப்புவார். ஊர்ப் பெயர்களோ கண்ணனைச் சுற்றியே வருகின்றன: கோவிந்தநகர், சியாம்நகர், கிருஷ்ணநகர், ராதாநகர். கிழக்கு வங்காளத்தில் வீடு வாசலை விட்டுவிட்டு வந்த அகதிக் குடும்பங்களை 1950-களில் அரசு குடியேற்றிய ஊர்கள் இவை. காட்டைத் திருத்தி நெல்லும் பாக்கும் தென்னையும் வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று அங்கே விடுதியும் கடையும் படகும் நடத்துகிறார்கள்.

1857 கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலத் தளபதி ஹேவ்லாக்கின் பெயர் அந்தத் தீவுக்கு. 2018 டிசம்பரில் அது சுவராஜ் தீப் ஆனது, பக்கத்தில் இருக்கும் நீல் தீவு ஷஹீத் தீப் ஆனது. 1943-இல் நேதாஜி நிகோபாருக்கும் அந்தமானுக்கும் சூட்டிய பெயர்கள் இவை. 2024-இல் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. நாங்கள் முதலில் போனது 2014 ஜனவரியில். என் நினைவில் இருக்கும் தீவு பழைய பெயர்களோடுதான் இருக்கிறது. இங்கே அந்தப் பெயர்களிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

என் கணவர் தூத்துக்குடிக்காரர். கடலைப் பார்த்து வளர்ந்தவர். நான் மதுரைப் பக்கம்; நீச்சல் தெரியாது, வைகையில் முழங்கால் தண்ணீர் ஓடினாலே அதைத் திருவிழாவாகப் பார்த்த தலைமுறை. சென்னையிலிருந்து இரண்டு மணி நேர விமானம். பிறகு போர்ட் பிளேர் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து ஹேவ்லாக்குக்குக் கப்பல். ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய்விடும் குளிரூட்டிய தனியார் கப்பலும் உண்டு. இவர் அரசுக் கப்பலில்தான் போகவேண்டும் என்றார். அதில் மேல்தளத்தில் நிற்கலாம், காற்று வாங்கலாம், நேரம் கூடுதலாகும் என்பதே ஒரு லாபம். துறைமுகத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் கப்பலின் விலாவோரம் சின்னச் சின்ன வெள்ளி மீன்கள் கூட்டமாக நீரைக் கிழித்துக்கொண்டு எழும்பி, சிறகு விரித்து, அலைக்கு மேலேயே வெகுதூரம் பறந்து மறுபடி உள்ளே போயின. "பறவைக்கோலா!" என்று கத்தினார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மனிதருக்குப் பத்து வயதுதான் இருக்கும் என்று அப்போது தோன்றியது.

விஜயநகரில் தங்கினோம். மூங்கில் குடில், தகரக் கூரை, கொசுவலை. வாசலில் இறங்கினால் மணல். அங்கே மஹுவா என்று சொல்கிற பெருமரங்கள் கரையிலிருந்து கடலின் மேல் சாய்ந்து வளர்ந்திருக்கும்; நிழல் தண்ணீரில் விழும். இந்தப் பக்கத்துக் கடலின் விசேஷம் அதன் வற்றம். காலையில் குடிலுக்கு எதிரே அலையடித்த இடத்தில், மதியம் பார்த்தால் கடலே இல்லை. எங்கோ தூரத்தில் ஒரு நீலக் கோடு தெரியும், நடுவில் ஈர மணலும் பாறையும் குட்டைகளும் விரிந்து கிடக்கும். அந்த மணலில் கடுகிலிருந்து பட்டாணி அளவு வரை உருண்டைகள், ஒவ்வொரு வளையைச் சுற்றியும் கதிர் கதிராக அடுக்கியிருக்கும். நகத்தளவு நண்டுகள் மணலை வாயில் போட்டு, அதிலிருக்கும் நுண்ணுயிரைத் தின்றுவிட்டு, மிச்சத்தை உருட்டிப் போட்டதுதான் அத்தனையும். அடுத்த ஏற்றத்தில் எல்லாம் அழியும். அதற்கடுத்த வற்றத்தில் மறுபடி முதலிலிருந்து.

அந்த வற்றக் கடலில் நடந்துகொண்டிருந்தபோதுதான் இவர் குனிந்து ஒரு கல்லை எடுத்தார். வெளுத்த கல், முழுக்க முள்முள்ளாகச் சின்ன ஓட்டைகள். "இது எங்க வீட்டுச் செவுத்துல இருக்க கல்லு" என்றார்.

தூத்துக்குடியில் என் மாமனார் வீடு பழைய வீடு. பூச்சு உதிர்ந்த இடங்களில் இந்தக் கல் எட்டிப் பார்க்கும். சில கற்களில் பூப்பூவாக அச்சு இருக்கும். புதுப்பெண்ணாக அங்கே போனபோது, யாரோ சிற்பி கொத்திய வேலைப்பாடு என்றே நினைத்துத் தடவிப் பார்த்திருக்கிறேன். மன்னார் வளைகுடாக் கரையில் தூத்துக்குடி, கீழக்கரை போன்ற ஊர்களில் கடலுக்குள்ளிருந்து பவளப் பாறையை வெட்டி எடுத்து வீடு கட்டினார்கள், சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். பிறகு ஆலைகளும் வாங்கின. வத்தை வத்தையாகக் கல் வந்து கரையில் குவிந்ததைப் பார்த்தவர் இவர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 2001-இல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் பக்கத்தில் வைத்தார்கள். அதற்குள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பாரை, அதாவது பவளப் பாறைத் திட்டை, வெட்டி எடுத்ததும் அலையைத் தாங்க ஆளில்லாமல் போனது அதற்கு ஒரு காரணம். இவ்வளவும் தெரிந்த ஊரில் பிறந்தவர்தான், ஆனாலும் உயிரோடு ஒரு பவளத்தை இவர் கண்ணால் கண்டதில்லை. கல்லாகத்தான் தெரியும். எனக்குச் சுவராகத்தான் தெரியும்.

உயிருள்ள பவளத்தைப் பார்க்க நாங்கள் போன, ஹேவ்லாக்கின் எலிஃபெண்ட் பீச்சுக்குச் சாலை கிடையாது. காட்டு வழியாக முக்கால் மணி நேரம் நடக்கலாம், இல்லாவிட்டால் ஜெட்டியிலிருந்து படகில் கலங்கரை விளக்கத்தைச் சுற்றிக்கொண்டு போகலாம். நாங்கள் படகில் போனோம். 2004 சுனாமி அந்தக் கரையைத் தின்றுவிட்டது. மிச்சமிருக்கும் மணலில் அப்போது சாய்ந்த பெருமரங்கள் வேரோடு, பட்டையெல்லாம் போய் வெயிலில் வெளுத்துக் கிடக்கும். அந்த அடிமரங்களின் மேல்தான் நாங்கள் துணியையும் செருப்பையும் வைத்தோம்.

எங்களைக் கூட்டிப்போன பையன் தமிழன். போர்ட் பிளேரில் பிறந்தவன்; தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பம். பாதி இந்தி கலந்த தமிழ். முகக்கண்ணாடிக்குள் எச்சிலைத் தடவிக் கடல்நீரில் அலம்பி என்னிடம் நீட்டினான். அப்படிச் செய்தால் ஆவி படியாது. "அக்கா, மூக்கு இருக்கிறதையே மறந்துடுங்க. குழாயைப் பல்லால கடிச்சுக்குங்க, வாயால மூச்சு விடுங்க. பயம் வந்தா என் கையை அழுத்துங்க, நான் தூக்கிடுவேன்." இடுப்பில் மிதவை வளையம், அதில் கட்டிய கயிறு அவன் கையில். இவருக்கு வளையம் தேவைப்படவில்லை. "நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு என் இடது கையைப் பிடித்துக்கொண்டார்.

முகத்தை நீருக்குள் வைத்ததும் முதலில் வந்தது சத்தம். கடல் உள்ளே அமைதியாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி நாலாபக்கமும் இடைவிடாமல் படபடவென்று பொரிந்துகொண்டிருந்தது. பாரின் இடுக்குகளில் வாழும் ஒருவகை இறால் தன் கொடுக்கைச் சொடுக்கும் சத்தம் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். நல்ல உயிரோட்டமுள்ள பாரில்தான் இந்தச் சத்தம் பலமாகக் கேட்குமாம். அதற்கு நடுவே என் மூச்சு, குழாயில் ஏறி இறங்கும் ஓசை. கொஞ்ச நேரத்தில் அது சீரானது. அதன் பிறகுதான் கண் வேலை செய்தது.

கீழே ஒரு ஊர் இருந்தது. மான்கொம்பாகக் கிளைத்த பவளங்கள், மூளையின் மடிப்புகளைக் கொண்ட உருண்டைகள், மேசையாக விரிந்த தட்டுகள், மஞ்சளும் ஊதாவும் வெளிர்பச்சையும். நீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகவும் தோன்றும். கையை நீட்டினேன். பையன் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகத் திருப்பிவிட்டான். கோபமில்லை, பதற்றமில்லை; தூங்குகிற குழந்தையைத் தொடப்போன கையைத் தள்ளிவிடும் பெரியவர்களின் பக்குவம் அதில் இருந்தது.

பவளத்தின் உடம்பு என்பது ஒரு மெல்லிய தோல். மில்லிமீட்டர் கணக்கிலான ஆயிரக்கணக்கான சிறு உயிர்கள் சேர்ந்து, கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்து, தாங்கள் உட்காரத் தாங்களே வீடு கட்டிக்கொள்கின்றன. உருண்டையாக வளரும் வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் பெருக்கும். அந்த உயிர்களின் தோலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெயிலை வாங்கிச் சமைத்து, பவளத்துக்கு வேண்டிய உணவில் பெரும்பகுதியைத் தருவது அந்தப் பாசிதான். நிறத்தில் பாதியும் அதன் உபயம். கடல் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஓரிரண்டு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நின்றால், பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய் வெள்ளை எலும்பு தெரிகிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும், பவளம் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியில் சாகும்.

அந்தமானில் 2010 கோடையில் அதுதான் நடந்தது. நாங்கள் போனபோது அந்தக் காயம் ஆறிக்கொண்டிருந்தது. வண்ணங்களுக்கு நடுவே பெரிய பெரிய திட்டுகளாக ஒடிந்த கொம்புகள் சாம்பல் நிறத்தில் குவிந்து கிடந்தன. கிளைவிடும் பவளங்கள்தான் அதில் அதிகம் செத்தவை. உருண்டைகள் பல தாக்குப்பிடித்துவிட்டன. சாம்பல் குவியலின் மேலே அங்கங்கே உள்ளங்கை அகலத்துக்குப் புதுப் பவளம் தொற்றியிருந்தது, ஓரமெல்லாம் இளநீலம். இவர் என் கையை இழுத்து அதைக் காட்டினார். தண்ணீருக்குள் பேச முடியாது. விரலால் அந்தப் புதுத் தளிரைச் சுட்டி, பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். வீட்டுச் சுவர் என்கிறார் என்று புரிந்தது.

மீன்களைச் சொல்லாமல் விட முடியாது. கிளிமீன்கள் தங்கள் அலகால் பாரைக் கொறிக்கும் 'கறக் கறக்' என்ற சத்தம் தெளிவாகக் கேட்டது. பாசிக்காகக் கல்லோடு சேர்த்துக் கடித்து, அரைத்து, வெண்மணலாகக் கழிக்கின்றன. அந்தத் தீவுகளின் வெள்ளை மணலில் ஒரு நல்ல பங்கு இந்த மீன்களின் வயிற்றிலிருந்து வந்தது. ஒரு கடல் சாமந்தியின் விஷத் தந்திகளுக்கு நடுவே ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கோமாளி மீன் குடும்பம். அந்த வீட்டில் பெரியது எப்போதும் பெண். அது இறந்துபோனால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிப் பொறுப்பேற்றுக்கொள்ளும். நாங்கள் மேலே மிதந்ததும் அந்தத் தாய்மீன், விரல் நீளம்கூட இல்லாத உடம்பை வைத்துக்கொண்டு, எங்கள் முகத்தை நோக்கிப் பாய்ந்து வந்து விரட்டியது. ஒரு ராட்சத மட்டி ஊதா உதடுகளைத் திறந்து வைத்திருந்தது. எங்கள் நிழல் பட்டதும் மூடிக்கொண்டது. கடல் அட்டை ஒன்று மணலில் அசையாமல் கிடந்தது.

நீச்சல் தெரியாத நான்தான் அங்கே அதிகம் பார்த்தேன் என்று இவர் இன்றும் சொல்வார். நீந்தத் தெரிந்தவர் போய்க்கொண்டே இருப்பார். நான் கயிற்றின் முனையில் அசையாமல் குப்புறக் கிடந்தேன். அசையாமல் கிடந்தால் மீன்கள் மனிதனை மறந்துவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கின்றன. கரையேறியபோது இவர் ஒரு அடிமரத்தின் மேல் உட்கார்ந்து வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்க தாத்தா காலத்துல இதெல்லாம் நம்ம ஊர்லயும் இப்படித்தான் இருந்திருக்கும்" என்றார். மன்னார் வளைகுடாவில் இன்றைக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்கள் இருக்கின்றன. ஊருக்குத் திரும்பியதும் அவர் முதலில் தேடிப் படித்தது அதைத்தான்.

ராதாநகரைப் பற்றி ஊரெல்லாம் எழுதிவிட்டார்கள். 2004-இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்றது. 2020-இல் நீலக்கொடிச் சான்றும் வந்தது. எங்களுக்குப் பிடித்தது அங்கே போய்ச் சேரும் வழி: நெல் வயல், பாக்குத் தோப்பு, பிறகு திடீரென்று வானளாவும் காடு, காடு முடியும் இடத்தில் கடல். இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் என்பதால் ஜனவரியில் ஐந்தரை மணிக்குள் சூரியன் இறங்கிவிடுகிறது. நாலு மணிக்கே போய் உட்கார்ந்துவிடுவோம். இருட்டத் தொடங்கியதும் காட்டோரத்து மணலில் நூற்றுக்கணக்கில் முனிவர் நண்டுகள் கிளம்பும், ஒவ்வொன்றும் முதுகில் யாரோ விட்டுப்போன ஒரு சங்கைச் சுமந்துகொண்டு. அழகாக இருக்கிறதே என்று நாம் பொறுக்கிப் பையில் போடும் ஒவ்வொரு சிப்பியும் அவற்றில் ஒன்றுக்கு அமையவேண்டிய வீடு. அங்கேயே 2010-இல், கரையின் ஓரத்துக் குடாவில், வெளிநாட்டுப் பயணி ஒருவரை முதலை கொன்றது. முதலை பற்றி அங்கே வைத்திருந்த எச்சரிக்கைப் பலகையை நாங்கள் மதித்தோம், அந்தப் பக்கம் போகவில்லை.

ராஜனைப் பார்த்ததும் அந்தக் காட்டில்தான். காட்டு மரங்களை இழுக்க அந்தமானுக்குக் கப்பலில் வந்த யானைகளில் ஒருவன். தீவு விட்டுத் தீவுக்கு மரம் சேர்க்க அவனைக் கடலில் நீந்தப் பழக்கினார்கள். 2002-இல் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்ட பிறகு அவனுக்கு வேலை இல்லாமல் போனது, நீச்சல் மட்டும் மிஞ்சியது. நீருக்கடியில் நான்கு கால்களையும் வீசி நீந்தும் அவன் படம் உலகம் சுற்றியது. நாங்கள் பார்த்தபோது கிழவன். பாகனோடு மரத்தடியில் நின்று நிதானமாக மட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். தொடலாமா என்று இவர் பாகனிடம் சைகையில் கேட்டார். பாகன் தலையசைத்ததும் தும்பிக்கையின் அடியில் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். 2016-இல் ராஜன் இறந்த செய்தியைச் செய்தித்தாளில் பார்த்து எனக்கு வாசித்துக் காட்டியவரும் இவர்தான்.

ஹேவ்லாக்கோடு நாங்கள் பார்த்த நீல் தீவு சின்னது, காய்கறி விளையும் ஊர். அந்தமானுக்கே கத்தரிக்காயும் தக்காளியும் அங்கிருந்துதான் போகின்றன. ஊர்ப் பெயர்கள் இங்கே ராமாயணம்: பரத்பூர், லட்சுமண்பூர், சீதாபூர், ராம்நகர். பரத்பூரில் ஜெட்டியை ஒட்டியே பார் இருக்கிறது. அங்கே ஒரு கடலாமை கடற்புல்லை மேய்ந்ததைத்தான் இவர் தன் வாழ்நாளின் ஆகப்பெரிய காட்சி என்கிறார். எனக்கு லட்சுமண்பூர் பாறைப்பாலம். வங்காளிகள் ஹௌரா பாலம் என்று செல்லமாகச் சொல்லும் அந்த இயற்கை வளைவு, பழைய பவளப் பாறை. அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் தூத்துக்குடி வீட்டுச் சுவரில் இருக்கும் அதே பூ அச்சுகள். சுற்றிலும் வற்றத்தில் தேங்கிய குட்டைகளில் உயிருள்ள பவளம்.

ஹேவ்லாக்கில் அப்போது போன் எடுப்பதே அபூர்வம், இணையம் என்ற பேச்சே இல்லை. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி வந்து சேர்ந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அது எவ்வளவு பெரிய வரம் என்பதை அங்கே இருப்பவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், மனதார மகிழ்ச்சி. ஆனால் பிற்பாடு ஒரு முறை போனபோது எலிஃபெண்ட் பீச்சில் நான் கண்டது வேறு. ஜெட் ஸ்கீ இரைச்சல். காமிராவுக்கு நிற்பதற்காக இடுப்பளவுத் தண்ணீரில் பாரின் மேலேயே கால் ஊன்றி நின்ற கூட்டம். வழிகாட்டிகள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனார்கள். ஒரு காலடிக்கு ஒடியும் கொம்பு மறுபடி அந்த அளவு வளரப் பல ஆண்டுகள் ஆகும். இதற்கிடையே கடலும் சூடாகிக்கொண்டே வருகிறது. 2024 ஏப்ரலில் உலகின் நான்காவது பெரும் பவள வெளிறல் அறிவிக்கப்பட்டது. கடலின் சூட்டை நானும் நீங்களும் போய்த் தணிக்க முடியாது. காலை எங்கே வைக்கிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

ஆகவே போங்கள், ஜோடியாகப் போங்கள், ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் கடல் தெளிந்திருக்கும்போது போங்கள். எலிஃபெண்ட் பீச்சுக்குக் காலை முதல் படகைப் பிடியுங்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் வெயிலுக்குக் களிம்பு தடவ வேண்டியதில்லை. அந்தக் களிம்புகள் சிலவற்றில் இருக்கும் ரசாயனம் பவளக் குஞ்சுகளுக்கு ஆகாது. மீனுக்கு பிஸ்கட் போடாதீர்கள், சிப்பியைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். நீச்சல் தெரியவில்லையே என்று கரையில் உட்கார்ந்துவிடாதீர்கள், வளையத்தைக் கட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தாலே போதும். நிற்கத்தான் வேண்டும் என்றால், கீழே வெறும் மணல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காலை ஊன்றுங்கள்.